பதினேழாம் நம்பர் வீட்டின் சத்தம்

நீரோடை நகரில் ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் சத்தம் போடலாம். நாற்பத்திரண்டு வீடுகள், நாற்பத்திரண்டு சத்த அட்டைகள். பச்சை நிறத்தில் இருக்கும் அந்த அட்டையில் பெயர், வயது, சத்தத்தின் தன்மை ஆகிய மூன்றும் எழுதி, நலச் சங்கத்தின் முத்திரை குத்தியிருக்கும். பதினேழாம் நம்பர் வீட்டு அட்டை பத்தொன்பது வருடங்களாக ரஞ்சிதத்தின் பெயரில் இருந்தது. தன்மை என்ற இடத்தில் 'அதட்டல்' என்று போட்டிருந்தது. பக்கத்து வீடுகளில் 'புலம்பல்' என்றும் 'இருமல்' என்றும் எழுதி வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களை ரஞ்சிதம் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இருமுவதற்கு ஒரு மனிதனுக்கு அட்டை தேவைப்பட்டால் அவன் இருமாமலே இருந்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

அந்த அட்டை இல்லாவிட்டால் வீடு என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கணவர் தேவசகாயம் தேயிலைத் தொழிற்சாலையில் எடை போடும் வேலை பார்க்கிறார். காலையில் ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். முதல் சத்தத்துக்குப் புரண்டு படுப்பார். மூன்றாவதற்கு 'ம்' என்பார். ஏழாவது சத்தத்துக்குத்தான் அவர் கால் தரையைத் தொடும். மகள் ஷீபாவுக்கு இருபது வயது, அவளுக்கு ஐந்து சத்தம் போதும். ஐந்தாவதில் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "கூப்பிட்டியாம்மா?" என்று கேட்பாள். இந்தப் பன்னிரண்டும் இல்லாமல் அந்த வீட்டில் உலை கொதிக்காது, குடை விரியாது, குப்பைக்கூடை வாசலுக்குப் போகாது. ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாக ரஞ்சிதத்தின் பெயர் எழுதியிருந்த ஒரே காகிதமும் அதுதான். அரிசி டப்பாவுக்குப் பின்னால் பாலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தாள்.

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த வீட்டு டிரையர் சத்தம் போட ஆரம்பித்தது.

கூடலூருக்கு மேலே இருக்கிற அந்த ஊரில் ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை துணி காயாது. கொடியில் போட்ட பனியன் நான்காம் நாள் பூசணம் பிடித்துவிடும். அதற்காக ஆறு வருடங்களுக்கு முன்பு வாங்கிய டிரையர் அது. அடுக்களையை ஒட்டிய மூலையில் நின்று, இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் துணிகளைச் சுற்றிக் காய வைத்துக்கொண்டிருந்தது. அன்று காலை ஆறரை மணிக்கு ரஞ்சிதம் ஈரத் துணிகளைப் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். கட கட கட கட, டொக். கட கட கட கட, டொக். அவள் திரும்பி, முதல் சத்தத்துக்காக மூச்சை இழுத்தாள்.

"இதோ எழுந்துட்டேன்" என்றார் தேவசகாயம்.

"யாருக்குப் பதில் சொல்றீங்க?"

"அதுதான் சத்தம் போடுதே" என்று அவர் பாயைச் சுருட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் பாயைச் சுருட்டியதில்லை. பாய்க்கு அப்படி ஒரு வடிவம் உண்டு என்பது அவருக்குத் தெரியும் என்றே ரஞ்சிதம் நினைத்திருக்கவில்லை.

ஒன்பது மணிக்குச் சங்கத்தின் செயலாளர் குலசேகரன் வந்தார். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் இடமாற்றக் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். விரித்த குடையை மடக்காமலே வீட்டுக்குள் வந்து உட்காரும் பழக்கம் அவருக்கு. குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துடைப்பது அந்தந்த வீட்டுப் பெண்களின் பொறுப்பு என்று விட்டுவிடுவார்.

"பதினேழாம் நம்பர்ல ரெண்டு சத்தம் கேக்குதுன்னு எதிர் வரிசையில இருந்து புகார் வந்திருக்கும்மா."

"ஒண்ணு நான் சார். இன்னொண்ணு டிரையர். காலையிலயிருந்து சத்தம் போடுது, ஆளைக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ணிருவேன்."

குலசேகரன் பேனாவை நிறுத்தினார். "சத்தம் வருதா, சத்தம் போடுதா?"

ரஞ்சிதம் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் குடைத்தண்ணீர் ஓடி அரிசிச் சாக்கின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் கவனமெல்லாம் அதில் இருந்தது. "போடுதுன்னுதானே சொல்றேன்" என்றாள்.

"வருதுன்னு சொல்லியிருந்தா அது கோளாறு, மெக்கானிக் விஷயம். போடுதுன்னு சொல்லிட்டீங்க. அப்ப அது ஆள் கணக்கு. எழுதிட்டேன்."

"அது வெறும் தகரம் சார்."

"தகரமோ தங்கமோ, சங்கத்துக்குச் சத்தம்தாம்மா கணக்கு. ஒரு வீட்டுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை கமிட்டி வரும். அதுக்குள்ள அது நின்னுட்டா அட்டை உங்களுக்கு. நிக்கலைன்னா பேரை மாத்திர வேண்டியதுதான். அதுவரைக்கும் நீங்க நிறுத்தி வைக்கணும். மழைக்காலத்துல அதை நிறுத்தச் சொல்ல முடியாது பாருங்க."

அவள் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கோப்பில் வைத்தார். ஞாயிறு வரை அவள் குரல் பால் பொங்கும் சத்தத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, குடையோடு நிலைப்படியில் இரண்டு தடவை மாட்டி, மூன்றாவது தடவையில் வெளியே போனார். முப்பது வருடம் மனிதர்களை ஊர் ஊராக மாற்றியவருக்கு ஒரு குடையை மடக்கத் தெரியவில்லை. ரஞ்சிதம் தரையைத் துடைத்தாள்.

அன்று மதியமே அவள் வேலையில் இறங்கினாள். டிரையரின் ஒரு கால் உயரம் குறைவோ என்று பழைய அட்டைப்பெட்டித் துண்டை மடித்து அடியில் கொடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. பழைய ரப்பர் செருப்பை நான்காக வெட்டி நான்கு கால்களுக்கும் வைத்தாள். மேலே ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கி வைத்தாள். குழவியை வைத்ததும் டிரையரின் குரல் கனத்தது. டொக் என்றது டொங் என்றானது. ஷீபா ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து, கழுவாமல் கிடந்த பாத்திரங்களை மளமளவென்று கழுவிக் கவிழ்த்தாள். ரஞ்சிதம் குழவியை இறக்கி வைத்தாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் வீடு ஒழுங்காக நடந்தது. அதைப்போல் அவளுக்கு வயிறு எரிந்த நாட்கள் கிடையாது. டிரையர் சுற்ற ஆரம்பித்தால் தேவசகாயம் முகத்தை மழித்துக்கொண்டார். இன்னொரு தடவை சுற்றினால் இன்னொரு தடவை மழித்துக்கொண்டார். ஆறு மாதமாக ஒழுகிய குழாய்க்கு வாஷர் போட்டார். சிலந்தி வலையை ஒட்டடைக் கம்பால் எடுத்தார். ஏழு பத்து பஸ்ஸுக்கு ஆறே முக்காலுக்கே போய் நின்றார். பத்தொன்பது வருடம் அடித்தொண்டையிலிருந்து கத்தியவளுக்கு ஒரு 'ம்'. தகரப் பெட்டிக்கு இத்தனை மரியாதை.

"அம்மா, அதுக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்று ஷீபா அவள் காதருகே வந்து கேட்டாள்.

"எங்கிட்ட ஏன் கேக்கிறே? நீதான் படிச்சவ, நீயே கேளு" என்றாள் ரஞ்சிதம். அடுப்பிலிருந்த பால் அவளைவிடச் சத்தமாகச் சொன்னதால் ஷீபாவுக்கு அது கேட்கவில்லை.

துணியைப் போடாமல் இருந்து பார்க்கலாம் என்றும் நினைத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் உடுக்க உலர்ந்த துணி ஒன்றுகூட இருக்காது. அந்த ஊரில் ஈரத் துணியோடு ஒரு நாள் இருந்தவர்கள் மறுநாள் நடமாடுவதில்லை. போட வேண்டியிருந்தது. போட்டால் அது சத்தம் போட்டது.

சனிக்கிழமை மெக்கானிக் முருகபூபதி வந்தார். கூடலூரிலிருந்து பைக்கில் வந்தவர் மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் மாட்டினார். கால்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த ஒரு காரியத்துக்காக ரஞ்சிதம் அவருக்கு டீ வைத்துக் கொடுத்தாள்.

"யாரைப் பாத்து சத்தம் போடுதுங்க்கா?"

"யாரைப் பாத்தா என்னப்பா? பின்னாடி கழட்டிப் பாரு."

"அப்படிச் சொல்லாதீங்க்கா. ஆளைப் பொறுத்து ஸ்பேனர் மாறும்."

அவர் டிரையரை ஓட விட்டு அதன் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டீ ஆறியது. தேவசகாயம் பக்கத்து அறையிலிருந்து, "இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்து நின்றார்.

"அண்ணனைப் பாத்துதான்" என்றார் முருகபூபதி. "நடுநடுவுல பாப்பாவையும் ஒரு பிடி பிடிக்குது."

பதினான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்மூடியை எடுத்தார். பெல்ட்டைத் தடவிப் பார்த்தார், நன்றாக இருந்தது. டிரம்மைத் தாங்கும் ரோலர்களைச் சுற்றிப் பார்த்தார், அவையும் தேயவில்லை. பிறகு டிரம்முக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ஒரு பிடி எடுத்துச் செய்தித்தாளில் போட்டார். புளியங்கொட்டை அளவில், கறுப்பாக, வழவழவென்று இருந்தன. கலகலவென்று உருண்டன.

"பேச்சுங்க்கா" என்றார். "காதுல விழாததெல்லாம் சட்டைப்பையில இறங்கிரும். கையால துவைக்கிற வீட்டுல தண்ணியோட போயிரும். இங்க சூட்டுக்கு இறுகிப் போச்சு."

"அதான் நான் பையெல்லாம் பாத்துப் போடுன்னு தலைதலையா அடிச்சுக்கிறேன்" என்றாள் ரஞ்சிதம்.

முருகபூபதி அதையும் உள்ளே தேடி எடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து எடையைப் பார்த்துப் பிரித்தார். "இது 'மணி ஆறரை'. இதுவும் 'மணி ஆறரை'. இதுவும். இது 'கேஸ் புக் பண்ணீங்களா'. இது பாப்பாவோடது, 'அந்த போனைக் கீழ வை'. இது ஒண்ணு பெருசா இருக்குதே…" காதருகே வைத்து உலுக்கினார். "'இந்த வீட்டுல நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்.'"

"இது எப்பம்மா சொன்னே?" என்று கேட்டாள் ஷீபா.

"போன கிறிஸ்துமஸ் அன்னைக்கு. கேக்கை வெட்டிட்டு எனக்கு ஒரு துண்டு வைக்காம தின்னீங்களே, அப்ப."

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார் தேவசகாயம்.

"இருக்காதுங்கண்ணா. அதான் இங்க இருக்குது."

எல்லாவற்றையும் எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. கழற்றிய பழைய சாமானை வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பதுதான் தொழில் தர்மம் என்று சொல்லி, முருகபூபதி அவற்றை இரண்டு ஊறுகாய்ப் பாட்டில்களில் நிரப்பி ரஞ்சிதத்திடம் கொடுத்தார். பின்மூடியைப் பொருத்தி, ஈரத் துண்டுகளைப் போட்டு ஓட விட்டார். டிரம் சுற்றுவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு முனகல்கூட இல்லை. அன்று ரஞ்சிதம் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது, குலசேகரனும் இரண்டு கமிட்டி உறுப்பினர்களும் வாசலில் நின்றிருந்தார்கள். உறுப்பினர்கள் இருவரும் சத்த அட்டை இல்லாதவர்கள் என்பதால் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். ரஞ்சிதம் டிரையரில் துண்டுகளைப் போட்டு ஓட விட்டாள். குலசேகரன் குடையைப் பிடித்தபடியே குனிந்து காதை வைத்தார். ஒரு உறுப்பினர் நோட்டில் 'இல்லை' என்று எழுதினார்.

ரஞ்சிதம் அட்டைக்காகக் கையை நீட்டினாள்.

"இருங்கம்மா. அஞ்சு நாள் நிறுத்தி வெச்ச சத்தம். தன்மை மாறியிருக்கான்னு பாக்கணும். ஒண்ணு போடுங்க."

தேவசகாயம் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். ரஞ்சிதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஐந்து நாளாக நெஞ்சில் கட்டி வைத்திருந்தது முழுவதையும் திரட்டினாள்.

"ஏங்க! வந்தவங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? எழுந்து நாற்காலி எடுத்துப் போடுங்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர் மலையில் பட்டு அது திரும்பி வந்தபோது ஓட்டின் மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. தேவசகாயம் ஒரு பக்கத்தைத் திருப்பினார். அவர் சட்டைப்பையில் ஏதோ ஒன்று 'டிக்' என்று விழுந்தது.

தேவசகாயம் மெல்லத் தலையை நிமிர்த்தி டிரையர் இருந்த மூலையைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் துண்டுகள் சத்தமின்றிச் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஷீபா, அது ஏன் பேசாம இருக்கு?"

"நேத்தே இப்படித்தான் இருந்துச்சுப்பா. ரொம்பக் கோவம் போலிருக்கு."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். மூன்று நாற்காலிகளைக் கொண்டுவந்து, துண்டால் துடைத்துப் போட்டார். குலசேகரனின் கையிலிருந்து குடையை வாங்கி மடக்கி வாசலில் சாய்த்து வைத்தார். ஷீபா எல்லோருக்கும் டீ கொண்டு வந்தாள். இரண்டு உறுப்பினர்களும் நிறைய எழுதினார்கள்.

ரஞ்சிதம் உள்ளே போய் ஊறுகாய்ப் பாட்டில்களைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள். "அது போட்ட சத்தமெல்லாம் என்னோடது சார். மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்க. ஒவ்வொண்ணும் நான் சொன்னது."

குலசேகரன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்களோடதுதான். யார் இல்லைன்னா? ஆனா இதெல்லாம் அப்பப்ப நீங்க போட்டு முடிச்ச சத்தம். ஒரே சத்தத்தை மறுபடியும் காட்டி அட்டை கேக்க விதியில இடமில்லைம்மா. எதுனால வேலை நடக்குதோ அதுக்குத்தான் அட்டை."

"அது சத்தமே போடலையே!"

"போடாமலே நடக்குது பாருங்க" என்றார் அவர், டீயை உறிஞ்சியபடி. "நாற்பத்திரண்டு வீட்டுல இந்தத் தரத்துக்கு ஒரு சத்தம் நான் பார்த்ததில்லை."

பச்சை அட்டையில் ரஞ்சிதத்தின் பெயரை ஒரே கோட்டில் அடித்து மேலே 'டிரையர்' என்று எழுதினார். வயது ஆறு. தன்மை: மௌனம். முத்திரையை ஊதிக் காய வைத்து அட்டையை டிரையரின் தலைமேல் வைத்தார். தேவசகாயம் எழுந்து நின்றார்.

அந்த அட்டை போன பிறகு ரஞ்சிதத்தைப் பார்க்க அந்த வீட்டுக்குள் காரணம் எதுவும் இல்லாததுபோல் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ரஞ்சிதம் பாட்டில்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போகத் திரும்பினாள்.

"எங்கே போறீங்க? இன்னும் முடியலை" என்றார் குலசேகரன். கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "அது உங்க இடத்துக்கு வந்தாச்சு. அது இருந்த இடம் காலி. பரஸ்பர இடமாற்றம்னா ரெண்டு பக்கமும் நடக்கணும். ஒருத்தரை மட்டும் மாத்தி இன்னொருத்தரை நடுவுல நிறுத்தின பேர் எனக்கு சர்வீஸ்ல கிடையாது. பதினேழாம் நம்பர், துணி காய வைக்கும் இடம். இங்க கையெழுத்துப் போடுங்க."

ரஞ்சிதம் தாளைப் பார்த்தாள். அவள் பெயர் முழுதாக, பிழையில்லாமல் எழுதியிருந்தது. ஆறு வருடத் தகரம் பார்த்த வேலை. அதைப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டாள்.

கமிட்டி போன பிறகு பார்த்தால் டிரையர் பாதியில் நின்றிருந்தது. பதவிக்கு வந்தவர்கள் பழைய வேலையைத் தொடுவதில்லை. ரஞ்சிதம் கதவைத் திறந்து, ஈரம் போகாத துண்டுகளை எடுத்து இரண்டு தோளிலும் நீட்டிய கைகளிலும் வரிசையாகப் போட்டுக்கொண்டாள். கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். தேவசகாயம் டீப்பாயை நகர்த்தி இடம் விட்டார். எந்தப் பக்கம் சுற்றுவது என்று தாளில் எழுதியிருக்கவில்லை. அவள் இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

முப்பத்தைந்து நிமிடத்தில் துண்டுகள் காய்ந்தன. அந்தத் தகரத்துக்கு ஐம்பது நிமிடம் ஆகும்.

ஷீபா ஒரு துண்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "இங்க லேசா ஈரம் இருக்கும்மா" என்றாள். ரஞ்சிதம் இன்னும் ஏழு சுற்றுச் சுற்றினாள். நான்காவது சுற்றில் ஜன்னல் வழியாக ஒரு மேகம் உள்ளே வந்து, அவளது இடது கையில் துண்டுகளுக்குப் பக்கத்தில் தொங்கியது. அவள் நிற்கவில்லை. ஏழாவது சுற்று முடிந்தபோது அதுவும் காய்ந்திருந்தது. வெள்ளையாக, கஞ்சி போட்டதுபோல் கொஞ்சம் மொரமொரவென்று இருந்தது.

"ஓரத்தைப் பிடிங்க" என்றாள் மெதுவாக.

தேவசகாயம் இரண்டு முனைகளைப் பிடித்தார். ஷீபா மற்ற இரண்டையும் பிடித்தாள்.

"நாலா மடிங்க. கோணலா மடிக்காதீங்க."

நேராக மடித்தார்கள். கைக்கு இளஞ்சூடாக இருந்தது. ஷீபா அதைக் கொண்டுபோய் பீரோவில் இரண்டாவது தட்டில், பெட்ஷீட்டுகளுக்கு மேலே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே அடுத்த மேகம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி பிழிஞ்சுட்டு வா" என்றாள் ரஞ்சிதம்.

அது கொஞ்சம் பின்வாங்கி, தோட்டத்துப் பக்கம் போய்ப் பிழிந்துவிட்டு வந்தது.